தளபதி குடித்த ஒரே ஒரு நாள்

வெகுகாலத்துக்கு முன்னே கொடுமணி நாட்டை இளவரையன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாக யார் புகழ்ந்தார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான். அப்படிப் புகழ்ந்து புகழ்ந்தே குதிரைத் தளபதி ஆனவன் வெற்றிமாராயன். போர்க்களத்தை அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, கள்ளுக்கடையைத்தான் பார்த்திருக்கிறான். மந்திரி பூதலிங்கத்தைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும். ராஜா முன்னிலையில் மந்திரியை ஒரு தடவையாவது மட்டம் தட்டிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான்.

அவன் பெண்சாதி மங்கைநாச்சி. வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அவள் கண்டதெல்லாம் கள் நாற்றமும் முதுகில் விழுந்த அடியும்தான். ஒரு நாள் சின்னஞ்சிறு மகள்மேலும் கையை ஓங்கினான். அன்றைக்கே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியேறி, "இவரோடு இனி வாழ மாட்டேன். தாலியைத் தீர்த்து விடுங்கள்" என்று அரசவையில் முறையிட்டாள்.

அந்த வாரமே வெற்றிமாராயன் முட்டக் குடித்துவிட்டுக் கடைவீதியில் தேரை விரட்டினான். செக்கு ஆட்டும் வைரவனின் மாடு செத்தது. வைரவனுக்குக் கால் ஒடிந்தது.

குடிப்பழக்கம் உள்ளவனை அவன் மனைவி விட்டு விலகலாம், பிள்ளையும் அவளோடு போகும் என்பது அந்த நாட்டுச் சட்டம். குடித்துவிட்டுத் தேரோட்டி ஆளை இடித்தவனுக்கும் ஒரு சட்டம் இருந்தது. பழகிய குடிகாரன் என்றால் கடும் தண்டனை. முதல்முறை குடித்தவன் என்றால் கோயில் குளத்தில் ஒரு முழுக்குப் போட்டால் போதும்! பெரிய மனிதர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட சட்டம், வேறு எப்படி இருக்கும்?

வெற்றிமாராயன் ஒரு நியாயப் பண்டிதரிடம் ஓடினான். பண்டிதர் தாடியைத் தடவியபடி, "அன்று ஒரு நாள்தான் குடித்தேன் என்று சொல்லுங்கள். இரண்டு வழக்கும் படுத்துவிடும்" என்று வழிகாட்டினார்.

எதிர்த்துச் சாட்சி சொல்ல ஊரில் ஓர் ஆளுக்கும் துணிச்சல் இல்லை. "தளபதியா? முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே!" என்றான் கள்ளுக்கடைக்காரன்.

விசாரணைக்கு முதல் நாள் மந்திரி மங்கைநாச்சியிடம் வந்தார். "அம்மா, உன் புருஷனால் குடியைவிடவும் விட முடியாதது எது?"

அவள் யோசித்தாள். "அடுத்தவர் சொல்வதைத் தப்பென்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது ஐயா. குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் குறைதான் சொல்வார்."

மந்திரி சிரித்துவிட்டுப் போனார். 'நான் வெந்து சாகிறேன், இவருக்குச் சிரிப்பு!' என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் வெற்றிமாராயன் சபையில் கைகட்டி நின்றான். "மகாராஜா, என் வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான் குடித்தேன்."

"ஒரு நாள்தானே! நான்கூட ஒரு நாள்…" என்று தொடங்கிய ராஜா, சட்டென்று இருமி நிறுத்திக்கொண்டான்.

மந்திரி ஒரு கள் கலயத்தோடு எழுந்தார். "மகாராஜா, பழக்கமில்லாத நாக்கு கள்ளை ஏற்குமா என்று பார்த்துவிடலாமே. நம் பனந்தோப்பில் இன்று காலை இறக்கிய கள் இது."

"முகத்தைச் சுளியுங்கள், போதும்" என்று பண்டிதர் தளபதியின் காதைக் கடித்தார்.

வெற்றிமாராயன் ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது, தொண்டை கமறியது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஐயோ பாவம்!" என்றான் ராஜா.

மங்கைநாச்சி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மந்திரியோ ராஜா பக்கம் திரும்பிக் கதையளக்க ஆரம்பித்தார். "பச்சைப்பிள்ளைக்கு ருசி எப்படித் தெரியும்? கள்ளை அறிந்தவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். மோந்து பார்த்தாலே போதும். அசல் பனங்கள், ஒரு பொட்டுத் தண்ணீர் கலக்காதது!"

"அடடா! மந்திரிக்குத் தெரியாத வித்தையே இல்லை!" என்று ராஜா தொடையைத் தட்டினான்.

அவ்வளவுதான். வெற்றிமாராயனுக்கு வயிறு பற்றிக்கொண்டது. "தப்பு மகாராஜா! மந்திரி உளறுகிறார்! இது தென்னங்கள். இன்று இறக்கியதும் இல்லை, நேற்றையது. அதிலும் பாதி தண்ணீர்! பனங்கள் நாக்கில் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக…"

வாய் திறந்தபடி நின்றது. பண்டிதர் ஓசைப்படாமல் வாசல் பக்கம் நகர்ந்தார்.

காலில் மூங்கில் பத்தை கட்டித் தரையில் உட்கார்ந்திருந்த வைரவன்தான் முதலில் சிரித்தான். பிறகு ராஜா சிரித்தான். ராஜா சிரித்தபிறகு, அதற்காகவே காத்திருந்த சபை முழுக்கச் சிரித்தது.

"ஒரே நாள் குடித்தவருக்கு இருபது வருஷத்து நாக்கு!" என்றார் மந்திரி.

"இவன் குடிகாரன் என்று நான் அப்போதே நினைத்தேன்!" என்றான் ராஜா.

"ஆமாம், மகாராஜா அப்போதே நினைத்தார்!" என்றது சபை. வெட்கம்கெட்ட சபை.

தாலி தீர்ந்தது, மகள் தாயோடு என்று தீர்ப்பானது. இனி வெற்றிமாராயன் கடிவாளத்தையே தொடக் கூடாது. வைரவனின் செத்த மாட்டுக்குப் பதில் அவனே செக்கு இழுக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். மந்திரி அதை மங்கைநாச்சி கையில் கொடுத்து, "புத்தி உன்னுடையது அம்மா. கள் மட்டும்தான் என்னுடையது" என்றார். நெடுநாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சில நாள் கழித்து மங்கைநாச்சி மகளோடு செக்கடி வழியாகப் போனாள். செக்கின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் வைரவன். நுகத்தடியில் வெற்றிமாராயன், வியர்த்து விறுவிறுத்து.

"டேய், நான் யார் தெரியுமாடா?" என்று உறுமினான்.

"தெரியாமலா சாமி காலை ஒடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்? நடங்க, நடங்க" என்றான் வைரவன்.