தங்கமாரியப்பன் கொன்ற அரசி

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கமாரியப்பன் செய்த காரியத்துக்கு நான் அவர் முகத்திலேயே முழிச்சிருக்கக் கூடாது. ஆனா புதன்கிழமை அவர் தன்னோட குருவைப் பார்க்கக் கிளம்பினப்போ நானும் கூடப் போனேன். மனுஷன் நல்லா வாங்கிக் கட்டிக்கிறதைக் கண்ணால பார்க்கணும். வேற காரணம் எதுவும் இல்லை.

நடந்ததை முதல்ல சொல்லிடுறேன்.

பொன்மேனியில ஒரு டியூஷன் சென்டர் மாடியில நாங்க அஞ்சு பேர் ஞாயிறு காலையில கதையாட்டம் ஆடுவோம். ஒருத்தர் கதையை நடத்துவார். அது தங்கமாரியப்பன். மத்த நாலு பேரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு அந்தக் கதைக்குள்ள போவோம். நான் மந்திரவாதி. "எதிரே ஆறு, பாலம் உடைஞ்சு கிடக்கு, என்ன பண்றீங்க?"ன்னு அவர் கேட்பார். என்ன பண்ணப் போறோம்னு நாங்க சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா, இருபது முகம் உள்ள பகடையை உருட்டணும். பகடை சொன்னதுதான் தீர்ப்பு. கதை நடத்துறவரும் அதுக்குக் கட்டுப்பட்டவர்தான்.

தங்கமாரியப்பன் சர்வேயர். வயசு நாப்பத்தாறு. ஊர் நிலத்தையெல்லாம் அளக்குற மனுஷன் கற்பனை நாட்டை மட்டும் சும்மா விடுவாரா? இருநூத்திப் பன்னிரண்டு பக்கம் எழுதி வச்சிருந்தார். அரக்கன் குகைக்கு சர்வே நம்பர் உண்டு. சூனியக்காரி வீட்டுக்குக் கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதைன்னு நாலு பக்க எல்லையும் உண்டு. இத்தனையும் ஒரே ஒரு படகுக்காரனை நம்பி இருந்தது. அவன் எங்களை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போகணும். கதை முழுக்க அக்கரையில.

நாங்க படகுக்காரனைக் கொன்னுட்டோம். அவன் முழியே சரியில்லைன்னு எங்களுக்குத் தோணுச்சு.

அடுத்த வாரம் படகுக்காரனோட தம்பி வந்தான். அதே மீசை. அவனைத் தூண்ல கட்டிட்டுப் படகைக் கொளுத்தினோம். மூணாவது வாரம் சித்தப்பா மகன் வந்தான், அவனுக்கும் அதே மீசை. "இந்தக் குடும்பத்துல இன்னும் எத்தனை பேர் பாக்கி? ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லுங்க சார்" என்றார் வேதமுத்து. நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம். தங்கமாரியப்பன் மட்டும் சிரிக்கலை.

வேதமுத்துவைப் பத்திச் சொல்லணும். பைபாஸ் ரோட்டுல ஒரு பெரிய நகைக்கடை வாசல்ல அவர் கதவு திறந்துவிடுறார். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். "வாங்க சார், வாங்கம்மா, பார்த்துப் போங்க." அவர் பேச்சு அவ்வளவுதான். ஞாயிறு மட்டும் மதிய டூட்டி. அதனால காலையில எங்க மேசைக்கு வந்து, அரசி நீலவேங்கை ஆவார். பதினாலு மாசமா அந்த அரசிதான். "படை இங்கே நிக்கட்டும்" என்பார், படை நிக்கும். வாரத்துல அந்த மூணு மணி நேரம்தான் அவருக்குன்னு இருந்தது.

போன ஞாயிறு அரசி சொன்னா, "நான் அக்கரைக்கு வரமாட்டேன். இக்கரையிலேயே கோட்டை கட்டுவேன்."

தங்கமாரியப்பன் நோட்டை மூடினார். "இடி விழுந்துச்சு. அரசி செத்துட்டா."

வேதமுத்து விளையாட்டுன்னு நினைச்சு பகடையை எடுத்தார். "எவ்வளவு விழணும் சார்?"

"ஒண்ணும் போட வேண்டாம். செத்தாச்சு."

வேதமுத்து பகடையைக் கீழே வச்சார். டீ குடிச்ச டம்ளரைக் கழுவிக் கவுத்தார். போயிட்டார். சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்புல அவர்கிட்டருந்து ஒரு வரி வந்தது. "இனி வரலை, மன்னிக்கவும்." மன்னிக்கவும்னு அவர் சொல்றார்.

தங்கமாரியப்பனோட குரு ருக்சானா. எல்லிஸ் நகர்ல டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கா. முப்பத்தோரு வயசுதான், ஆனா ஒன்பது வருஷமா கதை நடத்துறவ. அவகிட்டதான் இவர் கத்துக்கிட்டார். முதல்ல கிண்டலா "டீச்சர்"னு கூப்பிட ஆரம்பிச்சு, அப்புறம் அதுவே நிலைச்சுப் போச்சு.

நாங்க போனப்போ அவ ஏதோ ஃபாரம் நிரப்பிக்கிட்டிருந்தா. தங்கமாரியப்பன் உட்காரக்கூட இல்லை.

"ரெண்டு வருஷம் டீச்சர். லீவு போட்டு எழுதியிருக்கேன். இவங்க பஜ்ஜியைத் தின்னுக்கிட்டே எல்லாத்தையும் நாசம் பண்றாங்க. நான் கட்டின கதைக்குள்ள இவங்களை எப்படி நிறுத்துறது? அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

"அரசி எப்படிச் செத்தா?"

"இடி விழுந்து."

"பகடையில என்ன விழுந்துச்சு?"

தங்கமாரியப்பன் சுவத்துக் காலண்டரைப் பார்த்தார். "போடலை."

ருக்சானா பேனாவை மூடினா. வண்டியைச் சுவத்துல உரசுறவங்களைக்கூட அவ அதட்ட மாட்டா. அன்னைக்கும் குரல் ஒசரலை.

"வண்டியில ஏறுங்க."

"எனக்கு இருபது வருஷமா லைசென்ஸ் இருக்கு டீச்சர்."

"ஏறுங்கண்ணே."

ஏறினார். நான் பின்சீட்டுல உட்கார்ந்தேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியில, சொல்லிக் குடுக்குறவங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கும். கிளட்சும் இருக்கும். ருக்சானா ரெண்டு மேலயும் காலை வச்சுக்கிட்டா.

"எங்கே போகணும்?"

"உங்க இஷ்டம்."

அவர் நேரா விட்டார். ருக்சானா பிரேக்கை அழுத்தினா. வண்டி குலுங்கி நின்னுச்சு. மறுபடி கிளப்பி வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டார். அவ கையை நீட்டி ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சா. பின்னால வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "ஏண்ணே, இந்த வயசுல கத்துக்கணுமா, ஓரமாப் போய்க் கத்துக்கங்க" என்றார். சர்வேயருக்குக் காது மடல் சிவந்துபோச்சு. பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் குளுகுளுன்னு இருந்தது.

அதே தெருவை நாலு தடவை சுத்தினோம். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கே வந்து நின்னுச்சு. அஞ்சாவது தடவை தங்கமாரியப்பன் சாவியைத் திருகி இன்ஜினை அணைச்சார்.

"எங்கே வேணா போன்னு சொல்லிட்டு ஒரு தெரு திரும்ப விட மாட்டேங்கிறீங்க. நீங்களே ஓட்டிக்கிறதுக்கு நான் எதுக்கு இங்கே உக்காந்திருக்கேன்?"

"கோவம் வருதா?"

"வராம?"

"இறங்கிப் போயிடலாமான்னு இருக்கா?"

"இருக்கு."

"வேதமுத்தண்ணன் இறங்கிட்டாரு."

அவருக்கு அது உறைச்சது. ஆனா சர்வேயராச்சே, அவ்வளவு சீக்கிரம் விட்டுக் குடுப்பாரா?

"சரி டீச்சர். அவங்களை அவங்க இஷ்டத்துக்கு விட்டா கதை எங்கே போய் நிக்கும்?"

ருக்சானா பெடல்லருந்து ரெண்டு காலையும் எடுத்தா. செருப்பைக் கழட்டிட்டு சீட்டு மேலேயே சம்மணம் போட்டுக்கிட்டா.

"போங்க."

"எங்கே?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அவர் கிளப்பினார். வீட்டுக்குத்தான் போவார்னு நினைச்சேன். பைபாஸ் ரோடு ஏறினார். நகைக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்திட்டு, எங்ககிட்ட எதுவும் சொல்லாம இறங்கினார். ஏதாவது ஏடாகூடமாப் பேசி வைப்பார்னு நானும் பின்னாலேயே போனேன்.

வேதமுத்து வெள்ளைக் கையுறையும் தொப்பியுமா நின்னுக்கிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் ஒரு நிமிஷம் மாறுச்சு. உடனே டூட்டி முகம் வந்துடுச்சு. "வாங்க சார்"னு கதவைத் திறந்தார்.

தங்கமாரியப்பன் உள்ளே போகலை. "வேதமுத்து, நான் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன். அரசி சாகலை. இடி விழுந்ததெல்லாம் கனவு. ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு உக்கார்றா. நான் ஒரு மந்திர வாளும் தர்றேன், யார்கிட்டயும் இல்லாத வாள்."

எனக்குத் தலையில அடிச்சுக்கலாம்போல இருந்தது.

வேதமுத்து உள்ளே மேனேஜர் பார்க்குறாரான்னு ஒரு தடவை பார்த்துக்கிட்டார். மெதுவாத்தான் பேசினார்.

"கொல்லும்போதும் என்னைக் கேக்கலை சார். உசுரு குடுக்கும்போதும் கேக்கலை."

"அப்படி இல்லை வேதமுத்து..."

ஒரு குடும்பம் வந்துச்சு. "வாங்கம்மா, வாங்க, பாப்பா பார்த்து." கதவைத் திறந்தார், மூடினார், திரும்பினார்.

"உங்க நாட்டுல எல்லாத்துக்கும் இடம் எழுதி வச்சிருக்கீங்க. யாரு எப்ப வரணும், எந்தப் பக்கம் போகணும், எல்லாம். நான் வந்து அங்கே என்ன பண்ணணும்? இங்கே நின்னு பண்றதைத்தானே?"

தங்கமாரியப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வண்டிக்கு வந்தார். நானும் வந்தேன். திட்டு வாங்குறதைப் பார்க்க வந்தவளுக்கு அதைப் பார்த்தபிறகு சந்தோஷமா இல்லை.

ஸ்டியரிங் முன்னாடி உட்கார்ந்ததும் அவர் வெடிச்சார். அது வேதமுத்து மேல வந்த கோவம் இல்லைன்னு எனக்கே புரிஞ்சுச்சு. "கொன்னாலும் தப்பு. பொழைக்க வச்சாலும் தப்பு. ஞாயித்துக்கிழமைக்கு நான் என்னதான் எழுதிட்டு வர்றது? சொல்லுங்க டீச்சர். எத்தனை பக்கம் வேணாலும் எழுதுறேன்."

ருக்சானா அப்பதான் முழுசா அவர் பக்கம் திரும்பினா.

"ஒரே ஒரு கேள்வி எழுதிட்டு வாங்க. உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி."

"எனக்குத் தெரியாததா?"

"தெரியாதது."

"என் நாட்டுல எனக்குத் தெரியாதது எதுவும் இல்லையே."

"அப்ப அங்கே வேற யாரும் இல்லண்ணே. நீங்க மட்டும் இருங்க."

வண்டிக்குள்ள வெயில் ஏறிக்கிட்டே இருந்தது. யாரும் கண்ணாடியை இறக்கலை. அவர் ரெண்டு தடவை ஏதோ கேட்க வந்து விட்டுட்டார். ரெண்டுக்கும் அவருக்கே பதில் தெரிஞ்சிருக்கும்போல. பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் கதவைத் திறந்து இறங்கி மறுபடி கடை வாசலுக்கு நடந்தார். விட்டா திரும்பவும் வாளை நீட்டிருவார்னு பயந்து நானும் ஓடினேன். இந்தத் தடவை ருக்சானாவும் செருப்பை மாட்டிக்கிட்டு வந்தா.

தங்கமாரியப்பன் வேதமுத்துவுக்கு எதிர்ல நிக்காம, சுவத்து ஓரமா, அவர் நிக்கிற பக்கமே போய் நின்னார்.

"வேதமுத்து, நான் பண்ணது அநியாயம். அதை நான் மாத்தி எழுதப் போறதில்லை. அரசிக்கு இப்ப என்ன வேணும்?"

ரெண்டு பேர் வந்தாங்க, வேதமுத்து கதவைத் திறந்தார். மூணு பேர் போனாங்க, திறந்தார். நாங்க நின்னுக்கிட்டே இருந்தோம். தங்கமாரியப்பன் திரும்பக் கேட்கலை, கிளம்பவும் இல்லை.

"செத்தே இருக்கட்டும் சார்" என்றார் வேதமுத்து.

"செத்தேவா?"

"ஆமா. அவளை எரிச்ச இடத்துலதான் கோட்டை எழும்பணும். அவ மக கட்டுவா."

"அவளுக்கு மக இருக்காளா?"

"உங்க நோட்டுல இல்லை. இருக்கா. பதினாறு வயசு. அம்மா செத்ததுக்கு அழமாட்டா. பொல்லாத கோவக்காரி." வேதமுத்து கையுறையை ஒரு கையிலருந்து உருவிட்டார். குரல் ஏறிப்போச்சு, உள்ளே இருந்த விற்பனைப் பொண்ணு ஒருத்தி திரும்பிப் பார்த்தா, அவர் கவனிக்கலை. "ஏன்னா வானத்துல அன்னைக்கு ஒரு மேகம் இல்லை சார். நாங்க எல்லாரும் பார்த்தோம். மேகமில்லாம இடி விழாது. அதை ஒருத்தன் எறிஞ்சிருக்கான். எங்கேயோ மறைஞ்சு உக்காந்துக்கிட்டு, சண்டைக்கு வராம, நேருக்கு நேரா நிக்காம எறிஞ்சிருக்கான். அவன் யாருன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு இக்கரையும் பார்க்கமாட்டா அக்கரையும் பார்க்கமாட்டா. யாரு சார் அவன்?"

ஒரு வயசான அம்மா படியேறி வந்து கதவுக்கு முன்னால நின்னாங்க. வேதமுத்து பார்க்கலை. அவர் கண்ணு தங்கமாரியப்பன் முகத்தை விட்டு நகரலை. ருக்சானாதான் போய்க் கதவைத் திறந்துவிட்டா.

"அது வந்து, அவன்..." என்று தங்கமாரியப்பன் ஆரம்பிச்சார். அவர் கண்ணுல ஒரு பக்கம் எழுதி முடிஞ்சது எனக்கே தெரிஞ்சது.

அந்தப் பக்கத்தைச் சொல்லாம வாயை மூடிக்கிட்டார்.