தண்ணீரில் ஏது மடி

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெயர் இசக்கி. கழுத்தில் உருத்திராட்சம் கிடையாது, ஒரு விசில் தொங்கும். தாமிரபரணியில் மணல் மெத்தையாகக் கிடக்கும் ஒரு படித்துறையில், காலை வேளைகளில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பார். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

சீடர் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பாத்திரக்கடை கோமதிநாயகம். ஆற்றோரத்து ஊரில் பிறந்து, ஆற்றோரத்திலேயே வளர்ந்து, இன்றுவரை கடைசிப் படிக்குக் கீழே கால் வைக்காதவர். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழியில் முன்பாதியைக் கழித்துவிட்டுப் பின்பாதியை மட்டும் கடைப்பிடித்து வந்தார். கேட்டால், ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்பார். ஜாதகத்தை யாரும் பார்த்ததில்லை.

அவருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பெயர் ஆவுடை, ஒன்றரை வயது. கோயில் கோயிலாக ஏறி இறங்கி வாங்கிய பிள்ளை. அவளுக்கு மொட்டை போட்டபோது தாய்மாமன் சுடலைமுத்து மடியில் வைத்துக்கொண்டார். காது குத்தியபோதும் அதே மடி. முறை அது, யாரும் குறை சொல்ல முடியாது. பெற்றவர் தேங்காய் பழத் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நின்றார். போட்டோ வந்தபோது பார்த்தால், அவருடைய முழங்கை மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று உள்ளேயே வைத்துப் புழுங்கினார், பாவம்.

ஆவுடை நடக்கத் தொடங்கியதும் நடந்தது ஆற்றைப் பார்த்துத்தான். கதவைச் சாத்தினால் கதவைத் தட்டுவாள். அவளுக்கு நீச்சல் தெரிந்தாக வேண்டும் என்று மனைவி பிரேமா முடிவு செய்து, வெள்ளிக்கிழமை முதல் பாடம் என்று டீச்சரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். டீச்சரிடம் ஒரு விதி உண்டு. சின்னப் பிள்ளை என்றால், வீட்டு ஆள் ஒருவர் கூட இறங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"எங்க அண்ணன்ட்ட சொல்லிட்டேன். மொத மொட்டை, மொத தோடு எல்லாம் தாய்மாமன் மடியிலதான. மொத முங்கும் அங்கனயே இருக்கட்டும்" என்றாள் பிரேமா.

"நான் எறக்குதேன்" என்றார் கோமதிநாயகம்.

பிரேமா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களா? உங்களுக்கு மழையே ஆகாதே."

"நான்தான்" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் படித்துறைக்குப் போனார்.

"டீச்சர், பிள்ளையத் தயார் பண்ணணும். என்ன செய்யணும்?"

"இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க அண்ணாச்சி?"

"கடையில இருந்து பெரிய அண்டா ஒண்ணு கொண்டுவந்து, தண்ணி ஊத்தி, உள்ள உக்கார வச்சேன். பழகட்டும்னு."

"அழுதாளா?"

"வெளிய எடுத்தப்ப அழுதா."

டீச்சர் தலையாட்டினார். "பிள்ளை தயாரா இருக்கா. நீங்க நாளைக்கு வாங்க."

"அவளைக் கூட்டிட்டா?"

"விட்டுட்டு."

மறுநாள் கோமதிநாயகம் இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கைகளோடு வந்தார். அந்தப் பக்கத்தில் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு முதுகில் குடுக்கை கட்டுவது வழக்கம். குடுக்கை மிதக்கும், கூடவே பிள்ளையும் மிதக்கும். தரமான காயாகத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கியிருந்தார், கடையில் குடத்தைத் தட்டுவதுபோல.

"இது தாங்குமா டீச்சர்?"

"கட்டிப் பாருங்க."

"பிள்ளையக் கொண்டாரலியே."

"நான் பிள்ளையவா சொன்னேன்?"

கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டி, முதுகில் குடுக்கையை ஏற்றி, கடைசிப் படியையும் தாண்டி ஒரு காலை வைத்தார். பிறகு இன்னொரு காலை. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இடுப்புக்கு வந்ததும் எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், துவைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். குடுக்கை கயிற்றில் நழுவி வயிற்றுப் பக்கம் வந்து சேர, பாத்திரக்கடைக்காரர் நிறைமாதக் கர்ப்பிணியாக நடு ஆற்றில் நின்றார். நடு ஆறு என்பது அவர் கணக்கு. கரையிலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"தாங்குதா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"தெரியலை. கால் இன்னும் மணல்லதான் இருக்கு."

"இருக்கட்டும். நாளைக்கும் வாங்க."

அதன்பிறகு தினமும் போனார். போகிறபோதெல்லாம் பிள்ளைக்காகக் கேள்வி கொண்டுபோவார். கேட்டது பிள்ளைக்கு, நனைந்தது இவர்.

"தண்ணி குளுராதா டீச்சர்?"

"கழுத்துவரை உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

பல் கிடுகிடுக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் குளிர் போனது. எழுந்தால்தான் குளிர்ந்தது. அதனால் உட்கார்ந்தே இருந்தார்.

"தண்ணிய முழுங்கிட்டா?"

டீச்சர் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். "இனிப்பாத்தான் இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை கடைசிக் கேள்வி. அதைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்ட இருக்கையில பயந்து அழுதான்னா? அவ மாமன் கையில சிரிப்பா. என் கையில அழுதா... எனக்குத் தாங்காது டீச்சர்."

டீச்சர் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

"வீட்டுல ராத்திரி பயந்து அழுதா என்ன செய்வீங்க?"

"தூக்கித் தோள்ல போட்டு, முதுகைத் தட்டி, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே நடப்பேன்."

"பெறகு?"

"பெறகு தூங்கிருவா."

"இது அவ மாமனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? ராத்திரி அவரா வாராரு?"

"சரி. நாளைக்குப் பிள்ளையோட வாங்க."

வெள்ளிக்கிழமை காலை கோமதிநாயகம் ஒரு பெரிய பையோடு வந்தார். தேங்காயெண்ணெய், ஓமத் தண்ணீர், திருநீறு, மாற்றுத்துணி, சுரைக்குடுக்கை, பிள்ளை கடிக்க ஒரு ரொட்டி. பிரேமா ஆவுடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

படித்துறையில் சுடலைமுத்து முன்பே வந்து நின்றார். வெள்ளம் போகும்போதே அக்கரைக்கு நீந்திப் போய் வெற்றிலை வாங்கி வருகிற ஆள். மீசைக்கு எண்ணெய் போட்டிருந்தார். தோளில் புதுத் துண்டு. பக்கத்தில் ஒரு சித்தப்பா போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தயாராக நின்றார். தேங்காய் பழத் தட்டும் வந்திருந்தது.

"பிடிங்க மாப்ள" என்று சுடலைமுத்து தட்டை நீட்டினார்.

கோமதிநாயகத்தின் கைகள் தாமாகவே அதை வாங்கிக்கொண்டன. பழக்கதோஷம். வாங்கிய பிறகுதான் மனிதருக்குச் சுருக்கென்றது.

"மச்சான், இன்னைக்கு நான் எறக்குதேன்."

"நீங்களா? வெளையாடாதீங்க மாப்ள. தாய்மாமன் மடி இருக்கையில..."

"மொட்டைக்கு உங்க மடி. காது குத்துக்கு உங்க மடி. ஒண்ணு எனக்கு வேண்டாமா?"

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பிரேமா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதருக்குள் இப்படி ஒன்று இருந்தது அவளுக்கு அன்றுதான் தெரியும். ஆனால் சுடலைமுத்து விடுகிற ஆள் இல்லை.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. டீச்சர், நீங்களே சொல்லுங்க. யாரு மடி?"

டீச்சர் ஆவுடையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு முறையெல்லாம் தெரியாது அண்ணாச்சி. ரெண்டு பேரும் எறங்குங்க. இடுப்பளவுல நின்னு மடியக் காட்டுங்க. நல்ல மடியாப் பாத்து வைப்போம்."

சுடலைமுத்து துண்டை இறுக்கிக்கொண்டு குதித்தார். கோமதிநாயகம் தட்டைப் படியில் வைத்துவிட்டு, படிப்படியாக இறங்கினார். இருவரும் மொட்டைக்கு உட்காருகிற மாதிரி சம்மணம் போட முயன்றார்கள்.

சுடலைமுத்து காலை மடக்கியதும் ஆறு அவரை மல்லாத்தியது. நிமிர்ந்து மறுபடி மடக்கினார். இந்த முறை குப்புறப் போனார். புதுத் துண்டு தனியாகப் பிரிந்து திருநெல்வேலி பக்கம் பயணம் போனது. கோமதிநாயகம் நேராக உள்ளே போய், மூக்கால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். மறுபடியும் உள்ளே போனார். ஆவுடை கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். துவைக்க வந்த பெண்கள் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

கடைசியில் சுடலைமுத்துவுக்கே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"டீச்சர், தண்ணியில ஏது மடி?"

"அப்ப அந்தப் பேச்சு முடிஞ்சுது" என்றார் டீச்சர். "ரெண்டு பேர்ல யாருக்குப் பயமா இருக்கு?"

"எனக்கா? பயமா?" என்று மீசையிலிருந்து தண்ணீரை வழித்தார் சுடலைமுத்து.

"எனக்கு" என்றார் கோமதிநாயகம்.

டீச்சர் பிள்ளையோடு தண்ணீரில் இறங்கி அவர் பக்கம் போனார்.

"இது நல்ல கூத்தா இருக்கே" என்றார் சுடலைமுத்து. "பயப்படுத ஆளு கையிலயா பிள்ளையக் குடுப்பாங்க?"

டீச்சர் ஆவுடையை அப்பா கையில் கொடுத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டார்.

கோமதிநாயகம் பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்தார். பையிலிருந்த எண்ணெயும் ஓமமும் குடுக்கையும் கரையிலேயே இருந்தன, ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. உடம்பு நடுங்கியது. குளிர் என்று சொல்லலாம், ஆனால் குளிர் இல்லை. சேர்ந்து பிள்ளையும் ஆடியது.

ஆவுடை சிரிப்பதை நிறுத்தினாள். அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அழப்போகிறாள் என்று பிரேமா ஒரு படி இறங்கினாள்.

பிள்ளை அழவில்லை. ஒரு கையால் அப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான இன்னொரு கையால் அவருடைய தோளைத் தட்டினாள். தட்டி,

"ஒண்ணில்ல" என்றாள். "ஒண்ணில்ல, ஒண்ணில்ல."

படித்துறையில் யாரும் சிரிக்கவில்லை. சுடலைமுத்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மீசைக்காரர், கண் கலங்கியதை யாரும் பார்க்கக்கூடாது அல்லவா.

கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. டீச்சர் சொல்லிக் கொடுக்க, கோமதிநாயகம் பிள்ளையின் வயிற்றுக்கடியில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தாழ்த்தினார். ஆவுடை ஒரு கையால் அவருடைய கட்டைவிரலை இறுக்கிக்கொண்டு, காலால் தண்ணீரை அடித்தாள். அடித்த தண்ணீர் முழுவதும் அப்பாவின் முகத்தில்தான். அவர் துடைக்கவே இல்லை.

சித்தப்பா படம் எடுத்தார். கரையேறிய சுடலைமுத்து எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். பிரேமா தேங்காய் பழத் தட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

வெயில் ஏறியது. ஆவுடைக்குக் கரையேறும் எண்ணமே இல்லை. கோமதிநாயகத்துக்கும் இல்லை. ஆனாலும் கேள்வி கேட்டுப் பழகிய வாய், ஒன்று மிச்சம் வைத்திருந்தது.

"டீச்சர், நான் எப்ப கைய விடலாம்?"

"அவட்ட கேளுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "பிடிச்சிருக்கது அவதான."