கீழ் இமையின் சிவப்பு

வைத்தியர் சண்முகவடிவிடம் பாடம் கேட்க வந்தபோதே உலகநாதனுக்குத் தலை நரைத்திருந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவோ அவருடைய மகள் வயது. குரு சீடரை "ஐயா" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். தென்காசிப் பக்கத்து அந்த மருத்துவசாலையில் இது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

கொஞ்ச காலமாக உலகநாதனுக்கு ஓயாத அசதி. மருந்து அரைக்க உட்கார்ந்தால் கை சோர்ந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. முருங்கைக்கீரைச் சாறு குடித்தார், நெல்லிக்காய் தின்றார், கரிசாலைப் பொடியைத் தேனில் குழைத்து நக்கினார். அசதி அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு காலையில் குருவின் முன் கைகட்டி நின்றார்.

"அம்மா, எனக்கு விடை குடுங்க. வயசாயிட்டு. இனி இந்தப் படிப்பு எனக்கு ஆகாது."

வாழ்நாளெல்லாம் அவர் ஆசைப்பட்ட ஒரே படிப்பு அது.

"போகலாம். வாசல்ல ஒருத்தங்க அசதின்னு வந்து உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்குக் கண் பார்க்கச் சொல்லிக்குடுத்துட்டுப் போங்க."

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அசதி என்று வருகிறவருக்கு எடுத்த எடுப்பில் மருந்து கிடையாது. கீழ் இமையை இழுத்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா, ரத்தம் குறைந்து வெளுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதலில் எதிரே இருப்பவர் கண்ணில் பழகி, பிறகுதான் கண்ணாடியில் தன் கண். வருகிறவர்களை இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வைப்பார் உலகநாதன். அன்று வந்தது பீடி சுற்றும் ஆவுடைத்தாய் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் தன் கண்ணையே காட்டினார்.

"இப்படி இழுங்க தாயி. செக்கச்செவேல்னு இருக்கா?"

ஆவுடைத்தாய் உற்றுப் பார்த்தாள்.

"எங்க சிவப்பு? வெள்ளைத் துணி மாதிரில்லா இருக்கு! மருந்து எனக்கா, ஒங்களுக்காய்யா?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊருக்கெல்லாம் இமை இழுக்கக் கற்றுக்கொடுத்தவர் தன் இமையை ஒரு தடவையும் இழுத்ததில்லை.

குரு எழுந்து வந்து பார்த்தார். முகம் மாறியது.

"இது கீரையோட நிக்கிற விஷயமில்ல. வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?"

உலகநாதன் தலை குனிந்தார். முட்டுவலிக்குக் கடையில் இங்கிலீஷ் மாத்திரை வாங்கி, சித்த வைத்தியம் படிக்கிறவன் இதைத் தின்கிறானே என்று குரு நினைப்பாரோ என்ற வெட்கத்தில், ஒளித்து விழுங்கி வந்தார் அவர்.

"அந்த மாத்திரையையும் கொண்டு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றார் குரு. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியிருந்தது. ரத்தம் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் விட்டிருந்தால் உயிருக்கே மோசம் என்றார்கள்.

உடம்பு தேறியதும் முதலில் ஆவுடைத்தாய் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டார். அவளும் ரத்தம் பரிசோதித்து, மருந்தும் கீரையுமாகத் தெளிந்திருந்தாள். "கண்ணுல பட்டதச் சொன்னேன், அதுக்குப் போயி" என்று பதறினாள். அங்கிருந்து ஒரு சீப்புப் பழத்தோடு மருத்துவசாலைக்கு வந்தார்.

"அம்மா, இது நீங்க குடுத்த உயிரு. நான் வெளுத்திருக்கேன்னு தெரிஞ்சுதானே அன்னைக்கு அவங்ககிட்ட அனுப்புனீங்க?"

"இல்லய்யா. எனக்குத் தெரியல. தினமும் பார்க்கிற முகம். நானும் வயசுன்னுதான் நினைச்சேன்."

குரு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. உலகநாதனுக்கு நெஞ்சு நிறைந்து போய்க் கண் கலங்கியது.

"அப்ப நான் உங்களுக்கு என்னம்மா செய்யட்டும்?"

குரு முற்றத்து வெயிலில் அவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். தன் கீழ் இமையை விரலால் இழுத்தார்.

"பாருங்க. இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல."