நாவல் மரத்துப் பட்டை

"எல்லாத்தையும் அறுத்துட்டேம்மா. அக்கா நெனப்பு மட்டும் அறுபட மாட்டேங்குது" என்றார் மந்திரமூர்த்தி.

குரு சங்கரவடிவம்மை ஊர் ஊராக வைத்தியம் பார்த்துவிட்டு, ஐந்தாறு மாதம் கழித்து அப்போதுதான் மலையடிவாரத்து மடத்துக்குத் திரும்பியிருந்தார். காலில் ஒட்டிய புழுதியைக் கூடக் கழுவவில்லை. அதற்குள் சீடர் குறையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

சீடர் என்றதும் பொடியன் என்று நினைத்துவிட வேண்டாம். மந்திரமூர்த்திக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவம்மை அவருக்குப் பத்து வயதாவது இளையவர். சீடரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். ஞானத்துக்கு வயசு என்ன, வரிசை என்ன?

அக்காவிடமிருந்து ஏதும் வந்ததா என்று கேட்டார் அம்மை.

அதுதானே தொல்லை. உடன்குடியிலிருந்து உலகம்மாளக்கா பருவம் தவறாமல் பஸ்ஸில் பொட்டலம் கொடுத்து விடுகிறாள். கருப்பட்டி, கூழ்வற்றல், சுக்கு. எல்லாம் பழைய சேலைத் துணியில் கட்டி வரும். இவர் பதிலுக்கு நல்லா இருக்கேன் என்று ஒரு வார்த்தை சொல்லி விட்டதில்லை. துறவிக்கு அக்கா ஏது, தங்கச்சி ஏது?

"அப்ப கருப்பட்டிய என்ன செய்வீங்க?"

"தின்னுருவேன்."

அம்மை தலையை மட்டும் ஆட்டினார்.

தாயில்லாப் பிள்ளையை வளர்த்தவள் அந்த அக்கா. தம்பிக்காகவே தனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பள்ளிக்கூடத்துக்கு அவள் கட்டிக் கொடுக்கும் புளிச்சோற்றுப் பொட்டலத்தை வேறெந்தப் பயலாலும் அவிழ்க்க முடியாது. அப்படி ஒரு முடிச்சு. அவருக்கே பல்லால் கடித்து இழுத்தால்தான் வரும். சேலைத் துணியின் கஞ்சி வாசமும் புளி வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும். என்ன காலம் அது! மந்திரமூர்த்தி சொல்லிக்கொண்டே போனார்.

"இப்பவும் அதே முடிச்சுதானா?"

"அதேதாம்மா. இந்தத் தடவைதான் ஒரே இழுப்புல அவுந்துட்டு. எம்பல்லு தப்பிச்சுது."

அவர் சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை.

பேச்சை மாற்ற, மடத்து நாவல் மரத்தில் பறித்த பழங்களைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தார் மந்திரமூர்த்தி. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். இப்படி ஒரு காய்ப்பை இந்த மரத்தில் யாரும் பார்த்ததில்லை என்று பெருமையடித்தார்.

அம்மை ஒரு பழத்தை வாயில் போட்டார். தேனாக இருந்தது. கொட்டையைத் துப்பிவிட்டு, மரத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

ஒன்றும் செய்யவில்லையாம். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு மருந்து இடிக்கப் பட்டை உரித்தாராம், அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் கையகலம் மட்டும் உரித்து, காயத்தில் சாணி மெழுகுவது மடத்து வழக்கம். வருஷா வருஷம் எதற்கு இந்தச் சில்லறை வேலை என்று, தை மாசத்திலேயே மரத்தைச் சுற்றி அரைஞாண் கட்டியது போல வட்டமாக உரித்துவிட்டார்.

"மரம் செத்தா போச்சு? முன்னைவிட நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அம்மை எழுந்து மரத்தடிக்குப் போனார். இலையெல்லாம் பச்சை. உரித்த வளையத்துக்கு மேலே தண்டு வீங்கியிருந்தது. கீழே அப்படியே ஒடுங்கிக் கிடந்தது.

"வேரைத் தோண்டுங்க, அண்ணாச்சி."

மந்திரமூர்த்தி மண்வெட்டியால் மண்ணைத் தள்ளினார். நுனி வேர்களைக் கையில் எடுத்தார். நொறுங்கின.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேர் இப்படி இருந்தால் இலை எப்படிப் பச்சையாக இருக்கும் என்று கேட்டார்.

"தண்ணி உள்கட்டை வழியா மேல ஏறும். அத நீங்க தொடல. இலை ஆக்குற சோறு பட்டை வழியாத்தான் கீழ எறங்கும். அதத்தான் உரிச்சுட்டீங்க. எறங்க வழியில்லாம எல்லாம் மேலேயே தங்கிட்டு. அதான் பழம் இப்படி இனிக்குது."

"அப்ப வேரு?"

"பட்டினி."

"பட்டினி கெடந்துக்கிட்டா இத்தன நாளும் தண்ணி அனுப்புச்சு?"

"தெம்பு இருக்குற மட்டும் அனுப்பும்."

மந்திரமூர்த்தி வேர்த் துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மை அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டார். அதே மரத்தில் விரல் பருமனில் குச்சிகள் வெட்டினார். ஒவ்வொன்றையும் காயத்துக்குக் குறுக்கே பாலம் போல மேல் பட்டையிலும் கீழ்ப் பட்டையிலும் செருகி, நாரால் சுற்றிக் கட்டினார்.

"பிழைக்குமாம்மா?" என்று கேட்டார் மந்திரமூர்த்தி.

"இலை இன்னும் பச்சையாத்தான இருக்கு."

மந்திரமூர்த்தி மடத்துக்குள் ஓடினார். அக்காவின் சேலைத் துணி கொடியில் கிடந்தது. எடுத்து விரித்தார். தட்டிலிருந்த பழங்களை அதில் கொட்டினார். நாலு முனையையும் கூட்டி, அக்கா போடுவது போலவே இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார்.

வாசல் வரை போனார். இந்தத் தடவை ஒரே இழுப்பில் அவிழ்ந்த அக்காவின் முடிச்சு நினைவுக்கு வந்தது. நின்றார்.

பல்லால் கடித்து அந்த முடிச்சை அவிழ்த்து, ஒரே இழுப்பில் வருகிற மாதிரித் தளர்த்திக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.