யானைக் கொட்டில் அண்டா

நெடுங்காலத்துக்கு முன்னால் கருமலை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. காகம் கரைந்து தூக்கம் கெட்டதென்று, காகங்களையெல்லாம் நாடு கடத்தச் சொல்லி ஒருநாள் உத்தரவு போட்டான். அதைக் காகங்களுக்கு எந்தப் பாஷையில் எழுதி அனுப்புவது என்று அமைச்சர் ஆவுடையப்பர் பணிவாகக் கேட்ட பிறகுதான் விட்டான்.

ஒரு வருஷம் மழை ஓய்ந்ததும் நாட்டில் காய்ச்சல் பரவியது. நிலவேம்புக் கஷாயம் குடித்தால் இறங்கிவிடும். ஆனால் நிலவேம்புக்கு எங்கே போவது? அரண்மனைக்கு மருந்துச் சரக்கு கொடுக்கும் வணிகர் ரத்தினசபாபதி, மழைக்கு முன்பே மலைக்காரர்களிடமிருந்து ஒரு செடி விடாமல் வாங்கிக் கிடங்கில் பூட்டிவிட்டார். யார் கேட்டாலும் சரக்கு இல்லை என்பார். கேட்டவர் அழுதால், எங்கேயாவது தேடித் தருவதாகச் சொல்லி ஒரு பிடிக்கு ஒரு பொற்காசு கறப்பார். அமைச்சரின் ஆசனத்தைவிடச் சபையில் தன் ஆசனம் ஒரு விரல் தாழ்வாயிருக்கிறதே என்பது மட்டும்தான் அவருக்கிருந்த வியாதி.

அன்று சபைக்கு வரும் வழியில் ஆவுடையப்பர் ஒரு குயவரைப் பார்த்தார். பானை வனையும் சக்கரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் ரத்தினசபாபதி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சக்கரத்தை விற்றுவிட்டால் பிழைப்புக்கு என்ன செய்வாய் என்று அமைச்சர் கேட்டார்.

"மொதல்ல என் பொண்டாட்டி பிழைக்கட்டும் சாமி."

ஆவுடையப்பர் அதே சூட்டோடு சபைக்குப் போய், அரண்மனையே மருந்து காய்ச்சி ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

ரத்தினசபாபதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மகாராஜாவின் கையில் செங்கோலுக்குப் பதில் கரண்டியைக் கொடுக்கப் பார்க்கிறார் அமைச்சர். அதுவும் இலவச மருந்தாம். இலவசத்தில் சாரம் இருக்குமா?"

ராஜாவும் சிரித்தான். அவன் சிரித்ததால் சபையும் சிரித்தது. அமைச்சர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"மகாராஜா, ஆடி மாதம் யானைக் கொட்டிலில் அண்டா அண்டாவாக மருந்து காய்ச்சுகிறோமே, அது யார் செலவு?"

"என் செலவு. யானைகள் என்னுடையவை."

"அந்த யானைகளின் தீனிக்கு வரி கட்டுகிறவர்கள் யாருடையவர்கள்?"

பதில் கிடைக்காதபோது பந்தயம் கட்டுவது ராஜாவின் வழக்கம். பௌர்ணமிக்குள் ஊருக்கெல்லாம் கஷாயம் கொடுத்துக் காட்டினால் அமைச்சர் கேட்பது கிடைக்கும், தவறினால் ஆயுள் முழுக்க அதே கொட்டிலில் சாணம் அள்ள வேண்டும் என்றான். அண்டாவும் நெருப்பும் உண்டு, நிலவேம்புக்குத்தான் அமைச்சர் எங்கே போவாரோ என்று ரத்தினசபாபதி வருத்தப்பட்டுக்கொண்டார்.

ஆவுடையப்பரிடம் நிலவேம்பு ஓர் இலைகூட இல்லை. ஆனால் ரத்தினசபாபதியின் மனசு அவருக்கு மனப்பாடம். மறுநாள் காலை கொட்டிலின் அண்டாக்களையெல்லாம் அடுப்பிலேற்றித் தண்ணீரை நிரப்பி, வாடைக்கு வேப்பிலையை அள்ளிப் போடச் சொன்னார். தலைமைப் பாகன் மாடசாமி தலையைச் சொறிந்தான்.

"ஐயா, இதக் குடிச்சா காய்ச்சல் எறங்குமா?"

"இறங்காது. விலை இறங்கும். யாரையும் உள்ளே விடாதே, எதுவும் சொல்லாதே."

கொட்டிலில் புகை எழுந்தால் மருந்து காய்கிறது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கசப்பு வாடை தெருத் தெருவாகப் போனது. நாளைக்கு அரண்மனையே கொடுக்கப்போகும்போது இன்றைக்குப் பொற்காசு எதற்கு? ரத்தினசபாபதியின் வாசல் வெறிச்சோடியது. அவரே மூச்சிரைக்கக் கொட்டிலுக்கு ஓடிவந்தார்.

"அமைச்சர் ஐயா ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க," என்றான் மாடசாமி.

அது போதுமாயிருந்தது. மலைக்காரர்கள் பாதிச் செடியை ஒளித்திருக்கிறார்கள், கிடங்கு ஆட்கள் பின்வாசலில் விற்றிருக்கிறார்கள் என்று ரத்தினசபாபதி முடிவே கட்டிவிட்டார். ஊரை ஏய்த்தவருக்கு, ஊரே தன்னை ஏய்க்கிறது என்று நம்ப எவ்வளவு நேரம் ஆகும்? கிடங்கைத் திறந்தார். பொற்காசு வெள்ளிக்காசாகி, உச்சிப்பொழுதில் செப்புக்காசாயிற்று. அப்படியும் ஒருவரும் வரவில்லை.

உள்ளே ஆவுடையப்பர் சாணம் அள்ளும் மண்வெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மண்வெட்டிகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கணக்குத் தப்பினால் எத்தனை வீட்டில் விளக்கணையுமோ என்றுதான் கவலை. வெயில் தாழ்ந்ததும் பாகர்களின் மனைவிமாரிடம் யானைத் தீனிக்கான பணத்தைக் கொடுத்துக் கூடையோடு அனுப்பினார். அவர்கள் மூக்கைச் சுளித்துப் பேரம் பேசிக் கிடங்கு மொத்தத்தையும் வைக்கோல் விலைக்கு வாங்கிவந்தார்கள். தொலைந்தது சனியன் என்று ரத்தினசபாபதி கையைத் தட்டிக்கொண்டார்.

அண்டாக்களில் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

பௌர்ணமிக்குள் ஊரில் கஷாயம் குடிக்காத வாய் இல்லை. குயவரின் மனைவி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். சபையில் ரத்தினசபாபதி குமுறினார். அரண்மனைக்கு வந்த நிலவேம்பு தன் கிடங்கில் திருடியது என்றார்.

"இவர் கிடங்குச் சரக்குதான் மகாராஜா," என்றார் ஆவுடையப்பர். "பட்டப்பகலில் இவரே நிறுத்துக் கொடுத்தார். அதற்கு முன்னால் அண்டாவில் இருந்தது வேப்பிலைத் தண்ணீர்."

ராஜா மகுடம் சரியும்வரை சிரித்தான். சட்டென்று முகம் மாறியது. "வெறும் தண்ணீரைக் காட்டி என் ஊரையே ஏமாற்றினீரா?"

"நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை மகாராஜா. அரசு நமக்கும் காய்ச்சும் என்று ஊர் நம்பியது. நம்பிய மறுநாளே காய்ச்சிக் கொடுத்துவிட்டேன். அந்த நம்பிக்கைக்கே விலை இறங்குமென்றால், வருஷம் முழுக்கக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நான் கேட்பது அதைத்தான்."

ராஜா கொடுத்தான். மலைக்காரர்கள் இனி அரண்மனைக்கே செடி தர வேண்டும், மருந்துக்காகப் பறிபோன பொருளெல்லாம் உரியவர் வீடு சேர வேண்டும் என்றான். குயவரின் சக்கரம் அன்றே வீடு திரும்பியது. ரத்தினசபாபதிக்கும் அவர் ஏங்கிய உயர்ந்த ஆசனம் கிடைத்தது. அண்டாவைக் கிண்டுகிறவன் ஏறி நிற்கும் பலகை, அமைச்சரின் ஆசனத்தைவிட எவ்வளவோ உயரம்.

கொட்டிலில் ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சியவன் முதல் வாய் குடித்துக் காட்டாவிட்டால் யானை மருந்தைத் தொடாது. ஜனங்களும் அதே முறையைக் கேட்டார்கள். முதல் நாள் ஊரே வரிசையில் நிற்க, ரத்தினசபாபதி கண்ணை மூடிக்கொண்டு ஒரு குவளை குடித்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த ராஜா கீழிருந்து கேட்டான்.

"என்ன சபாபதி, இலவசத்தில் சாரம் இருக்கிறதா?"

ரத்தினசபாபதியின் முகம் எட்டுக் கோணலாகப் போயிருந்தது. வாயைத் திறக்க முடியாமல், இருக்கிறது என்று தலையை ஆட்டினார். மாடசாமி கரண்டியை எடுத்தான். வரிசை நகர்ந்தது. கருமலை நாட்டில் அந்த அடுப்பு பிறகு அணையவே இல்லையாம்.