பதினைந்து அடிச் சட்டம்

ஆறு ஓடும் ஒரு காட்டில் பீவர் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. பீவர் என்றால், மரத்தைப் பல்லால் அறுத்து, ஆற்றை மறித்து அணை கட்டி, தண்ணீருக்கு நடுவே குச்சியும் சேறுமாக வீடு போட்டுக்கொள்ளும் பிராணி. வேலை செய்யாமல் உட்கார அதற்குத் தெரியாது.

அந்தக் காட்டுக்கு ராஜாவான சிங்கம், ஒருநாள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கொட்டாவிகளுக்கு நடுவே ஒரு சட்டம் போட்டது.

"பீவர்களைப் பனிக்காலத்தில் மட்டுமே பிடிக்கலாம். அவற்றின் வீட்டிலிருந்து பதினைந்து அடிக்குள் பொறி வைக்கக் கூடாது. வைத்தால் பொறி பறிமுதல்."

பீவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டத்தைக் காக்கும் வேலை கரடிக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அது அளவுக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிந்தது.

பனிக்காலம் பிறந்த அன்றே நரி வந்துவிட்டது. பதினாறாவது அடியில், பீவர்கள் தினமும் நீந்திப் போகும் வழியில், பொறியை வைத்தது. இரண்டாம் நாள் குடும்பத் தலைவனான பீவரின் மைத்துனன் அதில் மாட்டி இறந்தான்.

பீவர் அழுதுகொண்டே போய்க் கரடியை அழைத்து வந்தது. கரடி கயிற்றைப் பிடித்து அளந்தது.

"பதினாறு அடி. சட்டப்படி சரி," என்றது.

"என் மைத்துனன் செத்துப்போனானே, ஐயா."

"அதுவும் சட்டப்படிதான்."

நரி பல்லைக் காட்டியது. "ஓரடி கூடவே விட்டிருக்கிறேன். என் நல்ல மனசு அப்படி."

பீவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "எங்கிருந்து அளக்கிறீர்கள், ஐயா?"

"உன் வீட்டுச் சுவரிலிருந்து."

"வீடு இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கலாம் என்று சட்டத்தில் உண்டா?"

கரடி தலையைச் சொறிந்தது. "இல்லை. ராஜா அதைச் சொல்வதற்குள் தூங்கிவிட்டார்."

பீவர் நேரே வீட்டுக்குப் போய் மனைவி மக்களைக் கூப்பிட்டது. மரங்கள் சாய்ந்தன. குச்சி குச்சியாக வந்து சேர்ந்தது. மறுநாள் கரடி வந்தபோது சுவர் ஐந்தடி முன்னால் நின்றது.

"பதினொரு அடி. பொறி பறிமுதல்."

"நேற்று பதினாறு இருந்ததே!" என்றது நரி.

"நேற்றை அளக்க என்னிடம் கயிறு இல்லை."

நரி வேறொரு பொறியைத் தள்ளி வைத்தது. வீடு அதன் பின்னாலேயே வந்தது. மூன்றாவது பொறியும் போனது. வீடு நீள நீள, பீவர்கள் அணையையும் உயர்த்தின. ஆற்றுத் தண்ணீர் கரையேறி நரியின் வளைக்குள் புகுந்தது.

நரி நனைந்த வாலோடு கரடியிடம் ஓடியது. "ஐயா, அந்தப் பீவர் என் வீட்டை மூழ்கடித்துவிட்டது. ஏதாவது செய்யுங்கள்."

"பொறி வைப்பதற்குத்தான் சட்டம் இருக்கிறது. தண்ணீர் ஏறுவதற்கு இல்லை."

"இது அநியாயம் இல்லையா?"

"இருக்கலாம். மேடான இடமாகப் பார்த்துப் போய்க்கொள்," என்றது கரடி.

நரி முனகிக்கொண்டே மலைப்பக்கம் போனது. பீவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிழக்குச் சுவரில் சேறு பூசுவது இன்னும் பாக்கி இருந்தது.

நீதி: சட்டத்தின் ஓட்டையில் நுழைந்து பிறரைக் கெடுப்பவனுக்கு, அதே ஓட்டை வழியாகக் கேடு வரும்.