பெருச்சாளி வளர்த்த கசக்காத காளான்

மலையடிக் காட்டில் மாடப்பன் என்றொரு பெருச்சாளி வைத்தியம் பார்த்து வந்தது. மலையுச்சியில் பட்டுப்போன வேங்கை மரங்களில் ஒரு சிவப்புக் காளான் முளைக்கும். வாயில் வைக்க முடியாத கசப்பு! ஆனால் கொடிய காய்ச்சலையும் இரண்டே நாளில் இறக்கிவிடும்.

ஏறி இறங்கி மாடப்பனுக்குக் கால் ஓய்ந்தது. அந்தக் காளானில் ஒரு துண்டை எடுத்து வந்து, தன் வளைக்குள் ஈர வைக்கோலில் புதைத்தது. ஒரே மாதத்தில் வளை நிறையக் காளான்! பெரிசு பெரிசாய், பளபளவென்று!

ஆசையாக ஒன்றைக் கடித்தது. கசப்பே இல்லை.

மாடப்பனுக்குத் திக்கென்றது. 'அந்தக் கசப்பில்தானே மருந்து இருக்கிறது? அது வேங்கை மரத்தைத் தின்று வளர்ந்தது. இது வெறும் வைக்கோலைத் தின்றிருக்கிறது!'

அதற்குள் வளைக்கு வந்த ஒரு கீரி அந்தக் காளானைத் தின்றுவிட்டுக் கூவியது. "கசக்காத மருந்து! வைத்தியரே, நீர்தான் கெட்டிக்காரர்!"

காடே பாராட்டியது. மாடப்பன் உண்மையைச் சொல்லவில்லை. சளிக்கும் தும்மலுக்கும் வந்தவர்கள் தாமாகவே தேறினார்கள். பெயர் மட்டும் காளானுக்குப் போனது.

மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் பரவியது. செவந்தி என்ற முயல் தன் குட்டியைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியது.

"அண்ணே, பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது! நான் மலைக்கே போய்ப் பறிச்சிட்டு வரட்டுமா?"

'போ' என்றால் போதும். ஆனால் சுற்றிலும் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா அலையறே? ரெண்டும் ஒண்ணுதான்!"

வளையில் வளர்த்த காளானைக் கொடுத்து இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மனம் பொறுக்காமல் மாடப்பன் மலையேறியது. காட்டுக் காளானோடு மூச்சிரைக்கத் திரும்பியபோது குட்டி விறைத்துக் கிடந்தது.

செவந்தி அந்தக் காளானை நக்கிப் பார்த்தது.

"இது கசக்குதே! நீங்க கொடுத்தது கசக்கலையே? தெரிஞ்சேதான் கொடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

செவந்தி குட்டியை இலைகளால் மூடிவிட்டு, மாடப்பனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் மாடப்பன் வளர்த்த காளான்களை எல்லாம் பிடுங்கி வெளியே வீசியது. "இதில் மருந்தில்லை! நான் பொய் சொன்னேன்! மலைக்குப் போங்கள்!" என்று அலறியது.

"அதை யார் ஏறிப் பறிப்பது? கசப்பு வேறு!" என்று சிரித்தது கீரி. வீசிய காளான்களைப் பொறுக்கப் பின்னால் ஒரு கூட்டமே முண்டியடித்தது.

பலனில்லை என்று தெரிந்தும் மருந்தென்று கொடுப்பவன் கொலைகாரன். காலம் கடந்து அவன் சொல்லும் உண்மை யாரையும் காப்பாற்றாது.